கத்திப் பேசினா சத்தம் சீக்கிரம் போய்ச் சேருமா? அலைகள் பத்தி ஆரம்பத்துல இருந்து

கீழ் வீட்டுப் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்குது. போன வாரம் சாயங்காலம் மொட்டை மாடியில துணி எடுத்துட்டு இருந்தப்போ கையில ஃபிசிக்ஸ் புக்கோட வந்து நின்னு, "அங்கிள், வேகம் ஈக்குவல் டு அதிர்வெண் இன்டு அலைநீளம்னு போட்டிருக்குல்ல, அப்போ அதிர்வெண்ண ரெண்டு மடங்கு ஆக்கினா வேகமும் ரெண்டு மடங்கு ஆயிடுமா"ன்னு கேட்டுச்சு. ஃபார்முலாவப் பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா ஆகாது. நானும் அந்த வயசுல இதே சந்தேகத்த வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு ஃபார்முலாவ மட்டும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு வெளிய வந்தவன்தான், அதனால அந்தப் பொண்ணு வாய் திறந்து கேட்டதே எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. புக்க மூடி வைக்கச் சொல்லிட்டு கொடிக்கயிறுகிட்ட கூட்டிட்டுப் போனேன்.

எங்க மாடிக் கொடி ஒரு பத்து மீட்டர் இருக்கும், ஒரு முனை தண்ணி டேங்க் பைப்புல, இன்னொரு முனை சுவத்துக் கொக்கியில. துணியெல்லாம் எடுத்துட்டு நடுவுல ஒரே ஒரு கிளிப்ப மட்டும் விட்டுட்டு, கொக்கி முனையக் கழட்டிக் கையில பிடிச்சு மேலயும் கீழயும் ஒரே ஒரு தடவ சடக்குனு ஆட்டினேன். ஒரு மேடு கிளம்பி கயிறு வழியா ஓடிப்போய் பைப்புல மோதி, தலைகீழாப் பள்ளமாத் திரும்பி வந்து என் கைய லேசா இழுத்துச்சு. கிளிப் என்ன பண்ணுச்சுன்னு பாத்தியான்னு கேட்டேன். அது ஒரு துள்ளு மேல போய் கீழ வந்துச்சு, அவ்ளோதான், பைப் பக்கம் ஒரு இன்ச் கூட நகரல.

அலைன்னா இதுதான். கயிறு இங்கயே இருக்கு, மேடு மட்டும் அங்க போகுது. நான் கையில குடுத்த சக்தி பைப் வரைக்கும் போய்ச் சேந்துச்சு, ஆனா கயித்துல ஒரு நூல் கூட இடம் மாறல. கடல்லயும் அப்படித்தான், அலை கரைய நோக்கி வருதுன்னு சொல்றோம், ஆனா கரைக்கு அந்தாண்ட ஆழமான தண்ணியில மிதக்கிற ஒரு தேங்காயப் பாத்தீங்கன்னா அலை ஒவ்வொண்ணும் கடந்து போறப்போ அது ஒரு வட்டம் அடிச்ச மாதிரி ஏறி முன்னாடி போய் இறங்கிப் பின்னாடி வந்து கிட்டத்தட்ட பழைய இடத்துலயே நிக்கும்.

இப்போ கேள்விக்கு வருவோம். மேட்ட வேகமா ஓட வைக்கணும், என்ன பண்ணுவேன்னு கேட்டேன். "இன்னும் பலமா ஆட்டுவேன்"னு சொல்லி ஆட்டிப் பாத்துச்சு. மேடு உயரமா ஆச்சு, வேகம் அதேதான். வேகவேகமா ஆட்டிப் பாத்துச்சு, மேடுங்க கிட்டக் கிட்ட நெருக்கமா வந்துச்சு, ஓடுற வேகம் அப்பவும் அதேதான். அப்புறம் நான் கயித்த விறைப்பா இழுத்துப் பிடிச்சு ஒரு தடவ ஆட்டினேன், மேடு விருட்டுனு போயிடுச்சு.

இதத்தான் அந்த ஃபார்முலா சொல்லாம விட்டுடுது. ஒரு அலையோட வேகத்த முடிவு பண்றது அது போற ஊடகம், அதாவது கயிறு, காத்து, தண்ணி மாதிரி அலையக் கடத்துற பொருள், ஆட்டுற ஆள் இல்ல. ஆட்டுற ஆள் முடிவு பண்றது ரெண்டே விஷயம்தான், செகண்டுக்கு எத்தன தடவ ஆட்டுறோம்ங்கிற அதிர்வெண், எவ்ளோ உயரத்துக்கு ஆட்டுறோம்ங்கிற வீச்சு. ஊடகமும் ஆட்டுற ஆளும் அவங்கவங்க வேலையப் பாத்ததுக்கு அப்புறம் மிச்சம் என்ன வருதோ அதுதான் அலைநீளம், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம். கயித்துக்குக் கணக்குக் கூட சுலபம்தான், இழுவிசைய ஒரு மீட்டர் கயித்தோட எடையால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா வேகம். மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள கயித்த ரெண்டு கிலோ தொங்கவிட்ட அளவுக்கு இழுத்துப் பிடிச்சா செகண்டுக்கு 20 மீட்டர் வேகம், அதாவது பத்து மீட்டர் கொடியில போயிட்டு வர ஒரு செகண்ட். வேகத்த ரெண்டு மடங்கு ஆக்கணும்னா எட்டு கிலோ அளவுக்கு இழுக்கணும், நாலு மடங்கு. வர்க்கமூலத்தோட குணம் அது.

அப்பா கையப் பிடிச்சுட்டுப் போற குழந்தைய நெனச்சுக்கோங்க. ரெண்டு பேரும் ஒரே வேகத்துலதான் போயாகணும். அப்பா மெதுவா பெரிய பெரிய அடியா வைப்பாரு, குழந்தை குட்டிக் குட்டியா பத்து அடி வச்சு ஓடும். அடியோட எண்ணிக்கை கூடினா அடியோட நீளம் குறையும், பெருக்கிப் பாத்தா ஒண்ணுதான். அதிர்வெண்ணும் அலைநீளமும் அதே மாதிரிதான். அதிர்வெண்ண ரெண்டு மடங்கு ஆக்கினா அலைநீளம் பாதியாகும், வேகம் அசையாது.

புக்குல அடுத்து குறுக்கலை, நெட்டலைன்னு ரெண்டு வகை வரும். குறுக்கலை கயித்துல பாத்தாச்சு, கயிறு மேல கீழ ஆடுது, அலை பக்கவாட்டுல போகுது. நெட்டலைக்கு கூட்ஸ் வண்டி கிளம்புறதப் பாத்திருந்தா போதும். இஞ்சின் ஒரு இழு இழுத்த உடனே 'டங்'னு முதல் பெட்டி, அப்புறம் 'டங்' 'டங்' 'டங்'னு சத்தம் பெட்டி பெட்டியாப் பின்னாடி ஓடி கடைசி கார்டு பெட்டி வரைக்கும் போகும்ல, அதுதான். ஒவ்வொரு பெட்டியும் துளிதான் அசையுது, ஆனா அந்த 'டங்' மொத்த வண்டியையும் கடந்து போயிடுது, அதுவும் பெட்டி அசையுற அதே கோட்டுலயே. காத்துல சத்தம் போறதும் இப்படித்தான், மூலக்கூறுங்க பக்கத்து மூலக்கூற இடிச்சு, அது அதுக்கடுத்தத இடிச்சு, நெருக்கமும் தளர்வுமா நகர்ந்துட்டே போகும். என் வாயில இருந்து கிளம்பின காத்து உங்க காதுக்கு வரல, நல்லவேளை.

சத்தத்தோட வேகம் 20 டிகிரி வெப்பத்துல செகண்டுக்கு 343 மீட்டர். தண்ணியில கிட்டத்தட்ட 1,480, இரும்புல 5,000க்கு மேல. அழுத்தினா எவ்ளோ முரண்டு பிடிக்குதோ அந்தப் பொருள்ல சத்தம் அவ்ளோ வேகம், கனம் அதிகமானா மெதுவு, கயித்துல இழுவிசையும் எடையும் பண்ணின அதே பஞ்சாயத்துதான். மின்னலப் பாத்துட்டு இடி கேக்குற வரைக்கும் எண்ணி மூணால வகுத்தா எத்தன கிலோமீட்டர் தூரத்துல விழுந்துச்சுன்னு வர்றதும் இந்த 343 கணக்குலதான். கத்திப் பேசினா சீக்கிரம் போகாது, தூரம் வரைக்கும் கேக்கும், அவ்ளோதான். ஒரு நிமிஷம் இத மாத்தி யோசிங்க, பலமான சத்தம் வேகமாவும் மெல்லிசான சத்தம் மெதுவாவும், கீச்சுக் குரல் முன்னாடியும் கட்டக் குரல் பின்னாடியும் வந்துச்சுன்னா கச்சேரில கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவங்களுக்கு வயலின் ஒரு நேரம் மிருதங்கம் ஒரு நேரம்னு தாளமே சிதறிப் போயிருக்கும். 34 மீட்டர் தள்ளி உக்காந்திருந்தா எல்லாமே பத்துல ஒரு செகண்ட் லேட்டு, ஆனா எல்லாம் சேந்தே லேட்டு, அதனால தப்பிச்சோம்.

கச்சேரின்னு வந்ததால வீணையையும் பாத்துடலாம். தந்தி ரெண்டு முனையிலயும் கட்டின கயிறுதான். மீட்டினா அலை ரெண்டு முனைக்கும் ஓடி மோதித் திரும்பி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கடைசில ஓடுற மாதிரியே தெரியாம நின்ன இடத்துலயே புடைச்சு ஆடும், இதுக்கு நிலை அலைன்னு பேரு. அதுல முக்கியமான ஆட்டத்தோட அலைநீளம் தந்தி நீளத்துல ரெண்டு மடங்கு, அது மாறாது. வாசிக்கிறவங்க பிரடையத் திருகுறப்போ என்ன நடக்குது? இழுவிசை கூடுது, அலை வேகம் கூடுது, நீளம் மாறாததால அதிர்வெண் ஏறுது, சுருதி ஏறுது. மெட்டு மேல விரல வச்சு அழுத்துறப்போ வேகம் மாறல, நீளத்தக் குறைக்கிறாங்க. சரியா பாதியில அழுத்தினா மேல் ஸ்தாயி ஷட்ஜம். சுருதி சேக்குறப்போ ரெண்டு தந்தி கொஞ்சம் விலகியிருந்தா 'வோங் வோங்'னு ஒரு ஆட்டம் கேக்கும், ஒண்ணு 196 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 196 அதிர்வு, இன்னொண்ணு 198 ஹெர்ட்ஸ்னா அந்த ஆட்டம் செகண்டுக்கு ரெண்டு தடவ. ரெண்டு அலையும் ஒரு நேரம் சேந்து ஏறுது, ஒரு நேரம் ஒண்ணு ஏற ஒண்ணு இறங்கி அடிச்சுக்குது. அந்த ஆட்டம் நின்னா சுருதி சேந்தாச்சு, இதுக்கு ஆப் எதுவும் வேண்டாம், காது போதும்.

மிருதங்கம் இன்னும் சுவாரசியம். தந்தி தானாவே 1, 2, 3, 4னு முழு எண் மடங்குல அதிரும், அதனாலதான் இனிமையா இருக்கு. தோல் அப்படி இல்ல, சும்மா இழுத்துக் கட்டின வட்டத் தோல அடிச்சா 1, 1.59, 2.14, 2.30னு ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத அதிர்வெண்ணுங்க கிளம்பும், அதான் வெறும் தோல் 'தொம்'முன்னு மட்டும் கேக்குது, சுருதி இருக்காது. மிருதங்கத்துல வலந்தலை நடுவுல கருப்பா சோறு போட்டிருப்பாங்கல்ல, அந்தக் கனம்தான் வித்தை. நடுவுல எடை கூடினதால அந்த இடத்துல அலை மெதுவாப் போகுது, கோணலா இருந்த அதிர்வெண்ணெல்லாம் 1, 2, 3, 4, 5 வரிசைக்குக் கிட்ட வந்துடுது. இத அளந்து 1920ல நேச்சர் பத்திரிகையில எழுதினவரு நம்ம திருச்சியில பொறந்த சி.வி.ராமன். நோபல் பரிசு வாங்கின வெளிச்ச ஆராய்ச்சிக்கெல்லாம் எட்டு வருஷம் முன்னாடி. ஆனா ராமனுக்கும் பல தலைமுறை முன்னாடியே சோத்த அடுக்கடுக்காத் தேச்சுத் தேச்சு காதாலயே அந்த வரிசைக்குக் கொண்டு வந்தவங்க மிருதங்கம் செய்ற தொழிலாளிங்க, அவங்க பேரு எந்த ஃபிசிக்ஸ் புக்குலயும் இல்ல.

சரி, ஊடகம்தான் வேகத்த முடிவு பண்ணுதுன்னா, போற வழியிலயே ஊடகம் மாறினா? இங்கதான் அலை திரும்ப ஆரம்பிக்குது. தேர் இழுக்குறப்போ தெருமுக்குல எப்படித் திருப்புறாங்கன்னு பாத்திருப்பீங்க. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவாங்க, அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் போயிட்டே இருக்கும், தேர் தயங்கின பக்கமாத் திரும்பும். அலையும் அப்படியே. ஒரு பக்கம் மெதுவானா அந்தப் பக்கமாத் திரும்பும். இந்த ஒரு படத்த மனசுல வச்சுக்கிட்டா நெறைய விஷயம் ஒரே தடவையில புரிஞ்சுடும்.

கடற்கரையில நின்னு பாருங்க, நடுக்கடல்ல காத்து எந்தத் திசையில அடிச்சாலும் அலைங்க மட்டும் கிட்டத்தட்ட கரைக்கு நேராத்தான் வந்து விழுது, சைடுல இருந்து வந்து விழுறது அபூர்வம். ஆழம் குறையக் குறைய அலை மெதுவாகும். சாய்வா வர்ற அலைக்கு கரைப்பக்க முனை முதல்ல ஆழம் கம்மியான இடத்துக்கு வந்து தயங்குது, கடல் பக்க முனை இன்னும் வேகமா வருது, தேர் மாதிரி மொத்த அலையும் கரையப் பாத்துத் திரும்பிடுது.

இந்த ஆழக் கணக்க மறக்கவே முடியாத மாதிரி காட்டினது 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்குப் பக்கத்துல நம்ம நேரம் காலையில 6:28க்கு, ரிக்டர்னு நாம பேச்சுல சொல்ற அளவுல 9.1 நிலநடுக்கம், கடலடித் தரை நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு எகிறி மேல இருந்த மொத்தத் தண்ணியையும் தூக்கிவிட்டுச்சு. சாதாரணக் கடல் அலைக்கு நீளம் நூறு மீட்டர்னா தண்ணி ஆட்டம் அதுல பாதி ஆழம், அம்பது மீட்டர் போறதுக்குள்ள அடங்கிடும், கீழ மீனுக்குக் கூட தெரியாது. சுனாமிக்கு அலைநீளமே நூத்துக்கணக்கான கிலோமீட்டர். அதுக்கு நாலு கிலோமீட்டர் ஆழக் கடல்ங்கிறது தாம்பாளத்துல ஊத்தின தண்ணி மாதிரி, மேல இருந்து தரை வரைக்கும் மொத்தமும் ஆடும். இப்படிப்பட்ட அலையோட வேகம் ஆழத்த 9.8ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வரும். மூவாயிரத்து ஐநூறு மீட்டர் ஆழத்துல மணிக்கு ஏறக்குறைய 670 கிலோமீட்டர், விமானத்தக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கிற வேகம். பத்து மீட்டர் ஆழத்துக்கு வந்தா மணிக்கு 36.

அன்னிக்கு ஜேசன்-1ங்கிற செயற்கைக்கோள் நிலநடுக்கம் வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தப் பக்கமாப் போச்சு, அது அளந்த அலையோட உயரம் நடுக்கடல்ல சுமார் 60 சென்டிமீட்டர்தான். முட்டிக்குக் கொஞ்சம் மேல. அந்த 60 சென்டிமீட்டரும் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு மெதுவா ஏறி மெதுவா இறங்குது, ஆழ்கடல்ல போட்ல இருந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியாததுக்கு இதுதான் காரணம். கரைகிட்ட வரும்போது முன் பகுதி மெதுவாயிடுது, பின்னாடி இருக்கிறது இன்னும் வேகமா வந்து முட்டுது, அத்தன தண்ணியும் குறுகின இடத்துல குவிஞ்சு வேற வழி இல்லாம உயருது. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க.

இதுல மனசு ஆறாத விஷயம் ஒண்ணு. நிலநடுக்கமும் அலைதான், பாறை வழியாப் போற அலை, செகண்டுக்கு பல கிலோமீட்டர். அது சென்னைக்கு சில நிமிஷத்துல வந்துடுச்சு, அன்னிக்குக் காலையில கட்டில் ஆடுச்சு, ஃபேன் ஆடுச்சுன்னு சொன்னவங்க நெறைய பேரு. தண்ணி வழியா வந்த அலைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரே இடத்துல ஒரே நேரத்துல கிளம்பின ரெண்டு அலை, ஊடகம் வேற, நடுவுல ரெண்டு மணி நேரம். அந்த இடைவெளிய யாரும் பயன்படுத்திக்கல, ஏன்னா அப்போ இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. 2007ல இருந்து ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் அந்த இடைவெளியிலதான் வேலை செய்யுது, பாறை அலைய முதல்ல பிடிச்சு, கடலடிக் கருவியில தண்ணி அலைய சரிபாத்து, எச்சரிக்கை அனுப்புறாங்க.

ஊடகம் மட்டும்தான் வேகத்த முடிவு பண்ணும்னு நான் அடிச்சு சொன்னேன்ல, அதுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடணும். ஆழ்கடல்ல காத்தால உண்டாகுற சாதாரண அலைங்களுக்கு வேகம் அலைநீளத்தையும் பொறுத்தது, நீளமான அலை வேகமாப் போகும், குட்டி அலை பின்தங்கும். தண்ணி அதேதான், ஆனா ஒவ்வொரு நீளத்துக்கும் அது ஒவ்வொரு வேகத்தக் குடுக்குது. கன்யாகுமரி, கேரளா பக்கம் கள்ளக்கடல்னு சொல்றது இதோட விளைவுதான். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் எங்கயோ புயல் அடிச்சிருக்கும், நம்ம கரையில காத்தே இருக்காது, வெயில் பளிச்சுனு இருக்கும், நாலஞ்சு நாள் கழிச்சு அந்தப் புயலோட நீள அலைங்க மட்டும் முன்னாடி வந்து சேரும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல 16, 18 செகண்ட் இடைவெளி, பாக்க சாதுவாத் தெரியும், ஆனா கரைய ஏறி வந்து ஆள இழுத்துட்டுப் போயிடும். காத்து இல்லையே, கடல் அமைதியாத்தானே இருக்குன்னு கால் நனைக்கப் போறவங்க இன்காய்ஸ் எச்சரிக்கை இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போறது நல்லது. சத்தத்துல இந்தத் தொல்லை இல்ல, கச்சேரி கணக்கு அப்படியே நிக்குது.

மறுபடி தேருக்கு வரேன். எங்க வீட்டுக்கும் ரயில்வே ட்ராக்குக்கும் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல இருக்கும், பகல்ல ஹார்ன் கூட சரியாக் கேக்காது, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா சக்கரம் தடதடக்குறது கூட பக்கத்துத் தெருவுல போற மாதிரி கேக்கும். ராத்திரி ஊர் அமைதியா இருக்கிறதாலன்னு நெனச்சுட்டு இருந்தேன், அதுவும் ஒரு காரணம்தான், ஆனா அது மட்டும் இல்ல. சத்தத்தோட வேகம் வெப்பத்தப் பொறுத்தது, டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடும், 40 டிகிரியில 355 கிட்ட வரும். பகல்ல தரை கொதிக்கிறதால தரையொட்டின காத்து சூடு, மேல போகப் போக குளிர்ச்சி. அப்போ சத்தம் கீழ வேகமாவும் மேல மெதுவாவும் போகும், முட்டுக்கட்டை மேல பக்கம் விழுந்த மாதிரி, சத்தம் வானத்தப் பாத்து வளைஞ்சு நம்ம தலைக்கு மேல போயிடும். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிடுது, தரையொட்டின காத்து குளிர்ச்சி, அதுக்கு மேல இருக்கிறது கொஞ்சம் சூடு. முட்டுக்கட்டை கீழ. மேல போன சத்தமும் வளைஞ்சு நம்ம ஜன்னலுக்கு வந்து இறங்கும். தார் ரோட்டுல மத்தியானம் தண்ணி நிக்கிற மாதிரி தெரியுற கானல் நீரும் இதே கதைதான், அங்க வளையுறது வெளிச்சம்.

ரயில் ஹார்ன் சொன்னதும் டாப்ளர் விளைவச் சொல்லாம இருக்க முடியாது. பிளாட்ஃபார்ம்ல நிக்காம போற எக்ஸ்பிரஸ் ஹார்ன் அடிச்சுட்டே வரும்போது உச்சத்துல கேக்கும், நம்மளத் தாண்டின உடனே சுருதி சறுக்கி இறங்கும். ரயில் வேகமா வர்றதால சத்தம் வேகமா வருதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. இல்ல, காத்து அதே காத்து, அதே 343. ரயில் முன்னாடி நகர்ந்துட்டே அலைய விடுறதால ஒவ்வொரு அலையும் முந்தினதுக்குக் கொஞ்சம் கிட்ட விழுது, முன்பக்கம் அலைநீளம் நெருங்குது, பின்பக்கம் இழுபடுது. 400 ஹெர்ட்ஸ் ஹார்ன், வண்டி செகண்டுக்கு 30 மீட்டர் அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர்னா, எதிர்ல வரும்போது 438, போகும்போது 368. ஸ்வரத்துல சொன்னா சாதாரண காந்தாரத்துல வந்தது ஷட்ஜத்துல போகுது, கிட்டத்தட்ட. ஆஸ்திரியாக்காரர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842ல இதச் சொன்னப்போ நம்பாத டச்சுக்காரர் பய்ஸ் பாலட் 1845ல ரயில் பெட்டியில ட்ரம்பெட் வாசிக்கிறவங்கள ஏத்தி ஓட்டி, ஓரத்துல ஸ்வர ஞானம் உள்ளவங்கள நிக்க வச்சு சோதிச்சாரு. டாப்ளர் சொன்னதுதான் சரின்னு ஆச்சு.

ஆடி மாசத்துல ரெண்டு தெரு தள்ளி ஸ்பீக்கர் கட்டினா பாட்டு எதுவும் புரியாது, 'டும் டும்' மட்டும் நெஞ்சுல வந்து இடிக்கும், இதுக்கும் பதில் அலைநீளத்துலதான் இருக்கு. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், ஒரு வீட்டோட அகலம், அது வீட்ட சுத்தி வளைஞ்சு வந்துடும். 5,000 ஹெர்ட்ஸுக்கு 7 சென்டிமீட்டர், சுவத்துல மோதி அங்கேயே நின்னுடும், காத்தும் அதக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும். பாட்டோட சொல்லெல்லாம் அந்த உயர்ந்த பக்கத்துலதான் இருக்கு, அதனாலதான் நமக்கு வெறும் இடி மட்டும் மிச்சம்.

இதெல்லாம் சொல்லி முடிச்சப்போ இருட்டிடுச்சு. கடைசியா அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "சூரிய வெளிச்சம் வெற்றிடத்துல வருதே அங்கிள், அங்க கொடிக்கயிறு எது?" இந்தக் கேள்விதான் 19ஆம் நூற்றாண்டுல பெரிய பெரிய ஆளுங்களத் தூங்க விடாம பண்ணுச்சு. ஈதர்னு ஒண்ணு எங்கும் நிறைஞ்சிருக்கும்னு நெனச்சாங்க, 1887ல மைக்கேல்சனும் மோர்லியும் ரொம்ப நுணுக்கமாத் தேடிப் பாத்தாங்க, அகப்படவே இல்ல. வெளிச்சத்துல ஆடுறது பொருள் இல்ல, மின்புலமும் காந்தப்புலமும், ஒண்ணு மாறினா இன்னொண்ணு பொறக்கும், அது மாறினா இது, இப்படியே ஒண்ண ஒண்ணு தூக்கிவிட்டுக்கிட்டே செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடும். அங்கயும் டார்ச் அடிக்கிறவன் வேகத்த முடிவு பண்ண முடியாது. சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ்ல அனுப்பினா அலைநீளம் 416 மீட்டர், எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம்னா மூணு மீட்டர், வேகம் ரெண்டுக்கும் அதே மூணு லட்சம்தான். தண்ணிக்குள்ள போனா மட்டும் முட்டுக்கட்டை விழுந்து ரெண்டே கால் லட்சமாக் குறையும், கோயில் குளத்துல நாலு அடி ஆழத்துப் படி மேல இருந்து பாத்தா மூணு அடியாத் தெரியுறது அதனாலதான்.

அன்னிக்கு ராத்திரி நல்ல மழை. காலையில மாடிக்குப் போனா அந்தப் பொண்ணு மொபைல்ல ஸ்டாப்வாட்ச்சோட கொடிகிட்ட நிக்குது, ஈரமான கயிறு கனமா இருக்கும்ல, அப்போ மேடு மெதுவாப் போகணும்ல அங்கிள்னு. சரியான யோசனைதான், ஆனா நம்ம கொடி நைலான், அது தண்ணி குடிக்காது, எத்தன தடவ அளந்தாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. தேங்கா நார்க் கயிறு ஒரு பத்து மீட்டர் வாங்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்.